உம்லௌட்: உயிர்த்திரிபும் இரட்டை மேற்புள்ளியும்

உம்லௌட் ஜெர்மன் சொல். 'உம்' என்ற முன்னொட்டு இங்கே மாறுதலைக் குறிக்கும். 'லௌட்' என்றால் ஒலி. யாக்கோப் கிரிம் 1819இல் வெளியிடத் தொடங்கிய ஜெர்மன் இலக்கண நூலின் வழியாக இது மொழியியலில் நிலைபெற்றது. இலக்கணத்தில் இது ஓர் ஒலி நிகழ்வின் பெயர். எழுத்தின் தலையில் வைக்கும் இரண்டு புள்ளிகளையும் அதே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்வதே நல்லது: ஒலி நிகழ்வுக்கு உயிர்த்திரிபு, குறிக்கு இரட்டை மேற்புள்ளி. தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரங்களை வகுத்த மரபு நம்முடையது. 'திரிபு' அதில் இயல்பாகப் பொருந்தும்.

பழைய உயர் ஜெர்மனில் விருந்தாளிக்கு 'கஸ்ட்', பன்மையில் 'கெஸ்டி'. ஈற்றில் வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே முன்னே எழும்புகிறது. அதனால் முதல் அகரம் எகரமாகத் திரிகிறது. பின்னாளில் அந்த இகரம் தேய்ந்துவிட்டது, திரிந்த உயிர் மட்டும் நின்றது. ஆங்கிலத்தில் ஃபுட் ஃபீட் ஆவதும், மௌஸ் மைஸ் ஆவதும் இதே வழியில்தான். ஆங்கிலம் அதற்குப் புள்ளி வைப்பதில்லை, அவ்வளவே.

நம் பேச்சுத் தமிழிலும் இதன் உறவு நிகழ்வு உண்டு. 'கிளை' பேச்சில் 'கெளை' ஆகிறது. 'கிளி' கிளியாகவே நிற்கிறது. 'குடை' கொடையாகும், 'குடி' மாறாது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் மட்டும் முன்னுள்ள இ, உ இறங்கி எ, ஒ ஆகின்றன. ஜெர்மனில் இகரம் முன்னே இழுக்கிறது, தமிழில் அகரம் கீழே இழுக்கிறது. பின்வரும் உயிர் முன்னதைத் திரிக்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

இனி குறி. ஆ, ஓ, ஊ என்று ஜெர்மானியர் பெயர் சொல்லும் மூன்று உரோம எழுத்துகளின் (a, o, u) மேல் இது வரும். இடைக்கால எழுத்தர்கள் திரிந்த உயிரைக் காட்ட, அதன் தலைமேல் குட்டியாக 'ஏ' என்ற எழுத்தை (ஆங்கிலத்தில் நாம் 'ஈ' என்பது) எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் அந்த எழுத்து கிட்டத்தட்ட இரண்டு செங்குத்துக் கோடுகள்தான். கோடுகள் குறுகிப் புள்ளிகளாயின. புள்ளி போட வசதியில்லாத இடத்தில் அதே எழுத்தைப் பக்கத்தில் சேர்த்து எழுதுவது இந்த வரலாற்றின் தொடர்ச்சி.

ஒலிப்பைப் பழக எளிய வழி உண்டு. 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். அதுதான் புள்ளியிட்ட ஊ. 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் புள்ளியிட்ட ஓ. புள்ளியிட்ட ஆ, நம் எ அல்லது ஏகாரத்துக்கு அருகில் நிற்கும். இயற்பியல் நூல்களில் 'ஷ்ரோடிங்கர்' என்று எழுதுகிறோம். நாக்கின் நிலையைப் பார்த்தால் 'ஷ்ரேடிங்கர்' இன்னும் நெருக்கம்.

புள்ளியை விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். 'ஷோன்' புள்ளியின்றி 'ஏற்கெனவே', புள்ளியோடு 'அழகிய'. 'ப்ரூடர்' சகோதரன், புள்ளி வைத்தால் சகோதரர்கள். இங்கே பன்மை முழுவதும் அந்த இரண்டு புள்ளிகளில்தான் இருக்கிறது. எழுத்தின் மாத்திரையைப் புள்ளி மாற்றுவது தமிழருக்குப் புதிதல்ல: குறில் எகர, ஒகரங்களுக்குப் புள்ளியிட்ட பழைய வழக்கை 18ஆம் நூற்றாண்டில் மாற்றி, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் இத்தாலியரான வீரமாமுனிவர்.

புள்ளிக்குப் பதில் பக்கத்தில் 'ஏ' எழுத்தைச் சேர்த்து விரித்து எழுதலாம். விரித்ததைக் கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் புள்ளியாக்கக் கூடாது. 'நோய்எ' (புதிய) என்ற சொல்லில் ஊ, ஏ எழுத்துகள் இயல்பாகவே அடுத்தடுத்து வருகின்றன. தானியங்கி மாற்றம் அதைச் சிதைத்துவிடும். கவிஞர் கோத்தேயின் பெயரில் ஓவும் ஏயும் சேர்ந்தே நிற்கும், புள்ளி வைப்பதில்லை. ஜெர்மன் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் பெயர் விரித்தே இருக்கும். விமானச் சீட்டில் அந்த வடிவத்தைக் கொடுத்தால் பெயர் முரண்படாது.

அகரவரிசையிலும் கவனம் தேவை. ஜெர்மன் தர விதி டின் 5007 அகராதிகளில் புள்ளியைக் கணக்கில் எடுக்காமல் அடுக்கச் சொல்கிறது. பெயர்ப் பட்டியல்களுக்கு விரித்த வடிவப்படி அடுக்கும் இன்னொரு முறையைத் தருகிறது. சுவீடியத்தில் புள்ளியிட்ட ஆவும் ஓவும் தனி எழுத்துகள், நெடுங்கணக்கின் கடைசியில் நிற்கும்.

இதே இரண்டு புள்ளிகள் பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் வேறு வேலை செய்கின்றன. அந்த வேலையில் இதை ஆங்கிலத்தில் டையரிசிஸ் என்பார்கள். கிரேக்கத்தில் 'பிரித்தல்' என்று பொருள். தமிழில் பிரிப்புப் புள்ளி எனலாம். ஸ்பானியத்தில் பென்குயினுக்கு 'பிங்குயினோ'. புள்ளி இல்லாவிட்டால் அதை 'பிங்கினோ' என்றுதான் படிக்க வேண்டியிருக்கும். இங்கே உயிர் திரியவில்லை, விழுங்கப்படாமல் தனித்து ஒலிக்கிறது. யூனிகோடு இரண்டு வேலைக்கும் ஒரே குறியைத்தான் தருகிறது. ஆகவே எந்த மொழி என்று தெரியாமல் பெயர் சூட்ட முடியாது.

விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0228, 0246, 0252 தட்டினால் ஆ, ஓ, ஊ சிறிய எழுத்துகள் புள்ளியோடு வரும். பெரிய எழுத்துகளுக்கு 0196, 0214, 0220. புள்ளியிட்ட எழுத்தை ஒரே குறியீடாகவும், எழுத்து தனி புள்ளி தனியாகவும் சேமிக்க முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலில் வேறு. கோப்புப் பெயர் எதிரில் இருந்தும் தேடலில் சிக்காவிட்டால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஹங்கேரிய மொழியில் புள்ளிக்குப் பதில் இரண்டு சாய்கோடுகள் வந்தால் அந்த உயிர் நெடில். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியீட்டு அட்டவணையில் சாய்கோடிட்ட எழுத்துகள் இல்லை. மத்திய ஐரோப்பிய அட்டவணையில் சாய்கோடிட்ட ஓ இருக்கும் 245ஆம் இடத்தில், மேற்கத்திய அட்டவணை அலைகோடு போட்ட ஓவை வைத்திருந்தது. ஹங்கேரியப் பெயர்கள் அச்சில் அலைகோட்டோடு வருவதற்கு இந்த இடமாற்றம் ஒரு முக்கியக் காரணம்.