மீட்டர் போர்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

தீப் பாதுகாப்பு ஆய்வுக்காகச் சென்னை அபார்ட்மென்ட்களுக்குப் போனால், நான் முதலில் பார்ப்பது கார் நிற்கும் தரைத்தளத்தை. மீட்டர் போர்டு, மோட்டார் ஸ்விட்ச், லிஃப்ட், மாடிப்படி எல்லாம் அங்கேதான். வீட்டில் இடமில்லாத சாமானும் அங்கேதான் வந்து சேரும்: பழைய மெத்தை, பேப்பர் கட்டு, பெயின்ட் டப்பா, பேரனுடைய சைக்கிள்.

சைக்கிள் இருந்துவிட்டுப் போகட்டும். மெத்தையை முதலில் எடுங்கள். போர்டில் ஒரு லூஸ் கனெக்‌ஷன் சூடாகிப் பொறி விழுந்தால், வெறும் சிமென்ட் தரையில் அது பெரும்பாலும் அணைந்துவிடும். ஃபோம் மெத்தையில் விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை கிளம்பும். மாடிப்படி அதைப் புகைபோக்கி மாதிரி மேலே இழுக்கும். மேல்மாடிக்காரர்கள் இறங்கி வர இருப்பதும் அந்த ஒரே படிதான். மீட்டிங்கில் இதைச் சொன்னால், “எங்க பார்க்கிங், எங்க இஷ்டம்” என்பார் ஒருவர். அவர் இல்லாத கட்டடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்பேர் சிலிண்டரைச் சமையலறையில் வைக்கப் பயந்து கீழே இறக்கி வைப்பவர்கள் உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடிப் போகும். தரைத்தளத்தில் பள்ளம் என்றால் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்தான். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. தண்ணீர் மட்டம் பார்த்துத் தானாக ஓடும் மோட்டார் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தொடாமலேயே ஸ்விட்ச் பொறி தட்டும். சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில், பாதுகாப்பு மூடி போட்டு, நிமிர்த்தி வையுங்கள். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல், மூடி சரியாக மூடாத தின்னர் டப்பா இரண்டுமே கூடாது. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும்; நம் மே மாதத்துக்குச் சொல்லவே வேண்டாம். தச்சர் விட்டுப்போன, மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றலாம். திறந்த வெளியில் விரித்துக் காயவிட வேண்டும்.

பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கலந்தால் குளோரின் வாயு. கலக்காவிட்டாலும் ஆசிட் ஆவி சும்மா இருக்காது. போர்டைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். மேலே சொன்ன லூஸ் கனெக்‌ஷனுக்கு அதுவும் ஒரு காரணம்.

பத்திரம், சர்டிஃபிகேட், ஆல்பம் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பற்றி 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது அதிகம் கேட்கப்படுவது மின் ஸ்கூட்டரின் பழைய பேட்டரி பற்றி. உப்பியது, கீழே விழுந்தது, வெள்ளத்தில் நனைந்தது எதையும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓரமாக வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி நாள் கழித்தும் பற்றும், அணைந்தபின் மறுபடியும் பற்றும். காயலான் கடைக்கும் போடாதீர்கள், அங்கே உடைப்பார்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய ஷோரூமிலேயே முதலில் கேளுங்கள்.