ஜனரஞ்சகக் கட்சியா, மக்கள் கட்சியா?

1892இல் அமெரிக்காவில் 'ஜனரஞ்சகக் கட்சி' தேர்தலில் நின்றது என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் படித்தேன். முன்பும் பல தடவை கண்ணில் பட்டதுதான், இந்தத் தடவை பொறுக்கவில்லை.

ஆங்கிலத்தில் இருந்த 'பாப்புலிஸ்ட்' என்ற சொல்லைத்தான் 'ஜனரஞ்சக' என்று ஆக்கியிருக்கிறார்கள். பாப்புலிஸ்ட் என்பதன் வேர் லத்தீன் 'பாப்புலுஸ்', அதாவது மக்கள். கட்சியின் பெயரே மக்கள் கட்சி. அதன் ஆட்களைச் சுருக்கமாகக் குறிக்க 1891 வாக்கில் இந்தச் சொல் வந்தது.

ரஞ்சகம் என்றால் மகிழ்விப்பது. சினிமாவுக்கும் வாரப் பத்திரிகைக்கும் சரி. மகிழ்விக்க ஒருவர், மகிழ இன்னொருவர் என இரண்டு தரப்பு வேண்டும். இங்கே ஒரே தரப்புதான், கடனில் மூழ்கிய விவசாயிகள். அமெரிக்காவின் தெற்கே பருத்தி விவசாயி மாவு, பன்றி இறைச்சி, உரம் எல்லாம் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்குவார். ஈடு, இன்னும் விளையாத பருத்தி. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதல் விலை. பருத்தி எடுத்துக் கணக்குப் பார்த்தால் விலை இறங்கியிருக்கும், கடன் மிஞ்சும், அடுத்த வருஷமும் அதே கடைதான். கான்சஸில் மக்காச்சோளம் விற்ற காசு நிலக்கரிக்குக் கட்டாமல், சோளத்தையே அடுப்பில் எரித்தார்கள். இப்படிப்பட்டவர்கள் 1892 ஜூலை 4 அன்று ஒமாஹாவில் கூடி, ரயில்வேயை அரசே நடத்தட்டும், வெள்ளி நாணயத்தைத் தடையில்லாமல் அடிக்கட்டும், வருமானம் ஏற ஏற வரியும் ஏறட்டும் என்றார்கள். அவர்களுடைய ஜனாதிபதி வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். இதில் ரஞ்சகம் எங்கே இருக்கிறது?

இன்று பாப்புலிஸ்ட் என்ற சொல் வசவாகவும் புழங்குகிறதே என்பார்கள். சரி, அந்த இடத்தில் 'கவர்ச்சி அரசியல்' என்று எழுதுங்கள். இன்றைய வசவை 1892இன் விவசாயி தலையில் கட்டாதீர்கள். 'பிரபலவாதம்' இன்னும் மோசம். பாப்புலர் என்ற பக்கத்துச் சொல்லின் பொருளை எடுத்து ஒட்டியது அது. ஆய்வாளர்கள் எழுதும் 'பரப்பியம்' நல்ல தமிழ்தான், ஆனால் படிப்பவருக்குப் பரப்புரைதான் நினைவுக்கு வரும், மக்கள் வரமாட்டார்கள். தூய்மை எனக்கும் பிடிக்கும், அதைவிடத் தெளிவு முக்கியம். வாக்கியம் யாரைப் பற்றியது என்று பார்க்காமல் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைக்கும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது.

கொள்கைக்கு 'மக்கள்வாதம்', ஆட்களுக்கு 'மக்கள் கட்சியினர்' போதும். அந்தக் கட்டுரையில் 'ஜனரஞ்சகவாதிகள் 1896இல் பிரையனை ஆதரித்தனர்' என்று இருந்தது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 1896இல் மக்கள் கட்சியினர், ஜனநாயகக் கட்சி நிறுத்திய பிரையனையே தங்கள் வேட்பாளராகவும் ஏற்றார்கள்.