திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு அரை நாள் ஏன்?

டிராவல்ஸ் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: "அண்ணே, யாழ்ப்பாணத்துக்கு இருபது நிமிஷந்தானாமே, டிக்கெட்ல ஏன் ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு?"

கேட்பவர் கணக்கில் பிழையில்லை. திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர், அதாவது நூறு கடல் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், வகுத்தால் 22 நிமிடம்தான் வரும். ஆனால் அந்த வேகம் உயரே போய்ச் சமநிலைக்கு வந்த பிறகு கிடைப்பது. இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும், போதாததற்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவது என்று முடிவாகும், அதற்காகச் சுற்றி வருவதும் உண்டு. டிக்கெட்டில் இருக்கும் நேரமோ விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரைக்குமானது. தரையில் ஊர்வதும் அதில் சேர்த்தி.

இணையத்தில் தூரமும் பறக்கும் நேரமும் காட்டும் தளங்கள் பெரும்பாலும் நேர்க்கோட்டு அளவை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துப் போடுகின்றன. அதை நம்பி அடுத்த பயணத்தைக் கோக்காதீர்கள்.

சரி, உண்மையில் எவ்வளவு ஆகும்? தூரம் எத்தனை குறைவென்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறோம். குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை எல்லாம் சிங்கப்பூர் போகிறவருக்கு என்னவோ அதேதான். அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி வரிசை, பெட்டி, சுங்கம், அப்புறம் பலாலியிலிருந்து யாழ் நகருக்குச் சுமார் அரை மணி நேரம். உறையூரில் வீட்டைப் பூட்டியதிலிருந்து கணக்கிட்டால் ஐந்தாறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மோசமில்லை, முன்பெல்லாம் கொழும்பு போய், கட்டுநாயக்காவில் இறங்கி, பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம் வடக்கே வர வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்குப் போகிற ஒரு அக்கா சேலைகளை எல்லாம் டிராலிப் பெட்டியில் அடுக்கி, "கையிலேயே வச்சுக்கறேன் தம்பி" என்றார். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள அறை சின்னது. பெரிய பெட்டியை விமானத்தின் பக்கத்திலேயே வாங்கி முன்புறச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள், பயணிகள் ஏறுவது பின்கதவு வழியாக. நகை, மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் தனிக் கைப்பையில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் கறாராக இருப்பது ஒரு விஷயத்தில். நாளுக்கு ஒரே விமானம் ஓடும் தடங்களில் பெரும்பாலும் வருகிற விமானமே திரும்பவும் போகும், வரவு தாமதமானால் புறப்பாடும் தாமதம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சகஜம். திரும்பி வந்து அன்றைக்கே திருச்சியிலிருந்து வேறு விமானம் பிடிக்க நினைப்பவர்கள், இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு அடுத்த விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார், பணம் போனது போனதுதான். முகூர்த்தம் காலையில் என்றால் முந்தின நாளே போய் இறங்கிவிடுங்கள்.