பின்கோடு தெரிஞ்சா இண்டெக்ஸ் புரியும்

கோரமங்கலாவுல எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி, கிருஷ்ணகிரி பையன், போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "அண்ணா, இண்டெக்ஸ் போட்டாச்சு, அப்பவும் குவரி நாப்பது செகண்ட் எடுக்குதுண்ணா, பெரிய சர்வர் கேக்கலாமா"ன்னான். குவரின்னா டேட்டாபேஸ்கிட்ட கேக்கிற கேள்வி, இண்டெக்ஸ்னா அதுக்குப் பதிலைச் சீக்கிரம் தேட உதவுற தனிப் பட்டியல். இங்க ஆர்டர் டேபிள், சுமாரா ஒரு கோடி ரோ (ஒரு ஆர்டருக்கு ஒரு வரி), அதுல ஒரே ஒரு நாளோட ஆர்டரை எடுக்கணும், அவ்வளவுதான். சர்வரை அப்புறம் பார்ப்போம்டா, முதல்ல இந்தக் குவரி எவ்வளவு படிக்குதுன்னு பாருன்னேன்.

டேட்டாபேஸ் டிஸ்க்ல இருந்து ரோ ரோவா எடுக்கிறதில்ல, பேஜ் பேஜாதான் எடுக்கும். போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ்ல ஒரு பேஜ் 8 கேபி, மைஎஸ்க்யூஎல்ங்கிற இன்னொரு டேட்டாபேஸோட ஸ்டோரேஜ் எஞ்சின் இன்னோடிபியில 16 கேபி. ஒரு ரோ 200 பைட்னு வெச்சா 8 கேபி பேஜ்ல ஒரு 40 ரோ உக்காரும், அப்ப ஒரு கோடி ரோவுக்கு 2.5 லட்சம் பேஜ், இண்டெக்ஸ் இல்லேன்னா அத்தனையையும் புரட்டியே ஆகணும். நாம சாதாரணமா போடுற இண்டெக்ஸ் பி-ட்ரீ, போயிங்ல வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் யோசிச்சது, 1972ல ஜர்னல்ல பேப்பரா வந்துச்சு. வேல்யூவை எல்லாம் வரிசையா அடுக்கிட்டு, மேல இருக்கிற பேஜ் "இந்த வேல்யூவுக்கு இந்தப் பக்கம் இறங்கு"ன்னு வழி காட்டும். ஒரு பேஜ்ல 300 வழி இருந்தா மூணே மட்டத்துல 300 பெருக்கல் 300 பெருக்கல் 300, 2.7 கோடி வேல்யூ அடங்கிடும். அதாவது இண்டெக்ஸ்ல மூணு பேஜ், டேபிள்ல ஒரு பேஜ், மொத்தம் நாலு பேஜ்ல ஆள் சிக்கிடுவான்!

அதே 1972ல ஆகஸ்ட் 15 அன்னைக்குத்தான் நம்ம நாட்டுல பின்கோடு வந்துச்சு, இண்டெக்ஸைப் புரிய வைக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. எங்க கோரமங்கலா 560034. முதல் நம்பர் 5னா ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா பக்கம், 56னா கர்நாடகாவுக்குள்ள ஒரு பகுதி, 560னா பெங்களூரு, கடைசி மூணுல போஸ்ட் ஆபீஸே வந்துடும். முன்னாடி இருந்து படிக்கப் படிக்க தேடுற இடம் சுருங்கிட்டே வருது. இப்ப முன்னாடி மூணு நம்பரைக் கிழிச்சிட்டு வெறும் 034ஐ மட்டும் கையில குடுத்தா? நுங்கம்பாக்கம்கூட 600034தான், நாடு பூரா தேடணும். ஊர், தேதின்னு டேபிளோட ரெண்டு காலம் (column) சேர்த்து இண்டெக்ஸ் போட்டுட்டு தேதியை மட்டும் வெச்சுத் தேடினா பெரும்பாலும் இதே கதிதான். லைக்ல (பேரோட ஒரு பகுதியை வெச்சுத் தேடுறது) முன்னாடி "என்ன வேணா இருக்கலாம்"ங்கிற பர்சென்ட் குறி போட்டு "குமார்"னு முடியற பேரைத் தேடினாலும் அதேதான்.

தம்பியோட குவரியில தேதி காலம், நேரத்தை வெட்டிட்டு தேதியை மட்டும் குடுக்கிற டேட் ஃபங்ஷனுக்குள்ள இருந்துச்சு. இண்டெக்ஸ்ல அடுக்கி வெச்சிருக்கிறது தேதியும் நேரமும் சேர்ந்த வேல்யூ, ஃபங்ஷன் குடுக்கிற வேல்யூ அதுல இல்லவே இல்ல, அந்த ஃபங்ஷன் வரிசையைக் கலைக்குமா கலைக்காதான்னு டேட்டாபேஸுக்கும் தெரியாது, அதனால இண்டெக்ஸை விட்டுட்டு முழு டேபிளையும் படிச்சிடுது. காலத்தைத் தொடாம "12ஆம் தேதி 00:00 மணியில இருந்து, 13ஆம் தேதி 00:00 மணிக்கு முன்னாடி வரைக்கும்"னு ரேஞ்சா மாத்தினோம். குவரி எந்த வழியில ஓடுச்சுன்னு காட்டுற எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கமாண்ட்ல, முழு டேபிளையும் படிக்கிற சீக்வென்ஷியல் ஸ்கேன் போய் இண்டெக்ஸ் ஸ்கேன் வந்துச்சு, ரிசல்ட் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுச்சு. மைஎஸ்க்யூஎல்ல போன் நம்பரை டெக்ஸ்ட் காலமா வெச்சுட்டு மேற்கோள் குறி போடாம நம்பராத் தேடுறதும் இதே தப்பு, நான் நிறைய இடத்துல பார்த்திருக்கேன்.

சில சமயம் இண்டெக்ஸ் இருந்தும் டேட்டாபேஸுக்குள்ள வழியை முடிவு பண்ற பிளானர் அதைத் தொடாது, அது சரியாவும் இருக்கலாம். டேபிள்ல முக்கால்வாசி ரோ வேணும்னா இங்க அங்க தாவுறதைவிட வரிசையாப் படிக்கிறதே லாபம், போஸ்ட்கிரஸ் வரிசையாப் படிக்கிற பேஜுக்கு 1, தாவிப் படிக்கிற பேஜுக்கு 4ன்னு டிஃபால்ட்டா கணக்குப் போடுது. இப்படி செலவு கணக்குப் போட்டு வழி தேர்ந்தெடுக்கிற முறையை 1979ல ஐபிஎம்ல பெட்ரிஷியா செலிங்கரோட டீம் எழுதினாங்க, இன்னைக்கும் அடிப்படை அதுதான். இந்தக் கணக்கு டேபிளோட ஸ்டாடிஸ்டிக்ஸை, அதாவது எத்தனை ரோ, எந்த வேல்யூ எவ்வளவுங்கிற குறிப்பை, நம்பி நிக்குது. அதனால நான் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்ல முதல்ல பார்க்கிறது எஸ்டிமேட் ரோவும் உண்மையான ரோவும் ஒத்துப்போகுதான்னு, பத்துன்னு நினைச்சு பத்து லட்சம் வந்திருந்தா அந்த ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதுப்பிக்கிற அனலைஸ் கமாண்டை ஓட்டிட்டுத்தான் மத்த வேலை.

லூப்புக்குள்ள குவரி போடுறது தனி வியாதி. 500 ஆர்டருக்கு 500 தடவை கஸ்டமர் பேரைக் கேக்கிறது, தக்காளிக்கு ஒரு தடவை வெங்காயத்துக்கு ஒரு தடவைன்னு கோரமங்கலாவுல இருந்து கே.ஆர். மார்க்கெட் போய்ட்டு வர்ற மாதிரி. ரெண்டு டேபிளையும் ஒரே குவரியில இணைக்கிற ஜாயின் போட்டா ஒரே டிரிப்.

அதுக்காக எல்லா காலத்துலயும் இண்டெக்ஸ் போட்டுடாதீங்க, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் ஒவ்வொரு இண்டெக்ஸையும் சேர்த்து எழுதணும். எங்க ஆர்டர் டேபிள்ல பதினொண்ணு இருக்கு, எது ஒரு தடவைகூட ஸ்கேன் ஆகலைன்னு தம்பி இப்ப, எந்த இண்டெக்ஸ் எத்தனை தடவை பயன்பட்டுச்சுன்னு காட்டுற போஸ்ட்கிரஸோட ஸ்டாட் வியூல தேடிட்டு இருக்கான். நாலு கிடைச்சிருக்கு. அதுல ஒண்ணு யூனிக் இண்டெக்ஸ், டூப்ளிகேட் வராம காக்குறது அதுதான், ஸ்கேன் ஜீரோன்னாலும் அதைத் தூக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.