காரடையான் நோன்பு: சொல் விளக்கம்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், பெரும்பாலும் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களில், பெண்கள் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு நோற்பது காரடையான் நோன்பு. இது மார்ச் 14ஆம் நாளை ஒட்டி வரும். சாவித்திரி விரதம், காமாட்சி நோன்பு என்ற பெயர்களும் இதற்கு உண்டு. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது, படைக்கும் பண்டத்தால் அமைந்த பெயர்தான்.

காரடை என்பதைக் கார் + அடை என்று பிரிப்பது வழக்கம். கார் என்பது கார் நெல்லைக் குறிக்கும் என்றும், காட்டில் இருந்த சாவித்திரி அந்த அரிசி மாவோடு காராமணி சேர்த்து அடை தட்டிப் படைத்துச் சத்தியவானின் உயிருக்காக நோற்றாள் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். காரம் என்ற சுவைப்பெயரை இதனோடு இணைப்பது பொருந்தாது; உப்படையும் உடன் செய்வார்கள் என்றாலும் வெல்ல அடையே இங்கு முதன்மையானது.

அடை மிகப் பழைய சொல். மதுரையின் இரவுக் கடைத்தெருவில் கூவியர் எனப்பட்ட அப்ப வணிகர் விற்ற பண்டங்களைச் சொல்லும் சங்க நூலான மதுரைக்காஞ்சி, தேன்கூட்டைப் போன்ற ‘மெல்லடை’யையும் அவற்றுள் ஒன்றாகக் காட்டுகிறது. நோன்பு அடை தோசைக்கல்லில் வார்ப்பதன்று. வறுத்த அரிசி மாவை வெல்லநீரில் கிளறி, வெந்த காராமணியும் தேங்காய்ப் பல்லும் ஏலக்காயும் சேர்த்து, வாழையிலையில் தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு ஆவியில் வேகவைப்பார்கள். துளையிட்டால்தான் நடுப்பகுதியும் ஓரத்தைப் போலவே சீராக வேகும். படைக்கும்போது மேலே வெண்ணெய் வைப்பார்கள்.

விரதம் என்ற வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் நோன்பு. ‘உற்றநோய் நோன்றல்’ என்று தவத்தின் இலக்கணம் கூறும் குறளில் (261) நோன்றல் என்பது பொறுத்தலைக் குறிக்கிறது. நோற்றல், நோன்பு என்பவை இதற்கு உறவான சொற்கள். ஆகவே உண்ணாதிருத்தல் நோன்பின் ஒரு கூறுதான். ஒன்றை எண்ணி உறுதியோடு தாங்கிக்கொள்வதே அதன் உட்பொருள். ‘உருகாத வெண்ணெயும் ஓரடையும் நோற்றேன், ஒருக்காலும் என் கணவர் பிரியாதிருக்க வேண்டும்’ என்று பெண்கள் வேண்டிக்கொள்ளும் வாய்மொழியில் அந்தப் பழைய வினைச்சொல் இன்றும் உயிரோடு இருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

கட்டிக்கொள்ளும் நூலுக்கு நோன்புச் சரடு என்று பெயர். மஞ்சள் பூசிய அந்தச் சரட்டின் நடுவில் பூவோ மஞ்சள் துண்டோ முடிந்திருக்கும். ‘மாசிக் கயிறு பாசி படியும்’ என்பது பழமொழி. கட்டிய கயிறு பாசி படியும் அளவுக்கு நெடுங்காலம் நிலைக்கும் என்பது அதன் கருத்து. மாசி தீரும் முன்பே சரடு கட்டிவிட வேண்டும் என்று மூத்தோர் விரைவுபடுத்துவது அதனால்தான்.

எழுத்து வழக்கில் ‘காரடையான் விரதம்’ என்பதைவிடக் ‘காரடை நோன்பு’ என்பதே செறிவான வடிவம். ‘காரடையான் நோன்பு’ என்ற வழக்குப் பெயரும் அப்படியே ஏற்கத்தக்கது.