பிரித்தானியாவில் வேலை செய்யும் உரிமையை நிரூபிப்பது: சறுக்கும் இடங்கள்

கிழக்கு லண்டனில் நாங்கள் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மண்டபத்துக்கு ஒருநாள் ஐம்பத்தெட்டு வயதுள்ள ஐயா ஒருவர் பிளாஸ்டிக் பை ஒன்றுடன் வந்தார். பைக்குள் மூலை வெட்டப்பட்ட பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தது. அதன் நடுப்பக்கத்தில், காலவரையறையின்றி நாட்டில் தங்கலாம் என்று பிரித்தானிய உள்துறை அமைச்சு குத்திய முத்திரை மங்கலாகத் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பண்டகசாலையில் வேலை செய்தவர் அவர். அது மூடப்பட்டபின் வேறோரிடத்தில் வேலை கிடைத்து, சீருடைக்கு அளவும் எடுத்துவிட்டார்கள். முதல் நாள் காலையில் ஆவணம் கேட்டபோது இந்தக் கடவுச்சீட்டை நீட்டியிருக்கிறார். அங்கிருந்த பெண் பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது காலாவதியாகிவிட்டது, வேலை உரிமையை இணையத்தில் காட்டும் குறியீடான ஷேர் கோட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். "தம்பி, புத்தகம்தானே முடிஞ்சது, என்ர உரிமை முடியேல்லையே?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டது சட்டப்படி முற்றிலும் சரி. அந்தப் பிள்ளை செய்ததும் விதிப்படி சரி. வேலைதான் கைவிட்டுப் போனது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 29 முதல், வேலை செய்ய உரிமையில்லாத ஒருவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு அபராதம் விதிக்கலாம். 2024 பெப்ரவரி 13 முதல் அந்த அபராதம், முதல் தடவையென்றால் ஆளொருவருக்கு 45,000 பவுண் வரையும், மீண்டும் அகப்பட்டால் 60,000 பவுண் வரையும் உயர்ந்துவிட்டது. அதற்கு முன் உச்ச வரம்பு 20,000 பவுணாக இருந்தது. வேலை தொடங்குமுன் விதித்த முறைப்படி ஆவணத்தைச் சோதித்து, நகலெடுத்து வைத்திருக்கும் முதலாளி இந்த அபராதத்திலிருந்து தப்பலாம். உண்மையிலேயே உரிமையுள்ள ஒருவரைச் சரியாகச் சோதிக்காமல் வேலைக்கு எடுத்தாலும் அபராதம் கிடையாது என்பது பல மேலாளர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அந்தத் துணிவை எடுப்பதில்லை. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் உரிமையை எடைபோடவில்லை, தன் நிறுவனத்தின் அபராதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அவருக்கு எதைக் காட்ட வேண்டும் என்பது விளங்கும்.

அந்த ஐயாவின் சிக்கலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கள் ஆட்கள் பலரிடம் இன்றும் அந்த முத்திரை மட்டுமே இருக்கிறது. நிரந்தர வதிவிட முத்திரை நடப்பிலுள்ள கடவுச்சீட்டில் இருந்தால் மட்டுமே அது வேலைக்கான சான்றாக ஏற்கப்படும். காலாவதியான கடவுச்சீட்டில் இருந்தால், உரிமை உயிரோடு இருந்தும் சான்று செத்துவிடுகிறது. இதற்கு வழி, பழைய உரிமையை இ-விசாவாக, அதாவது இணையத்தில் பதிவான விசாவாக, மாற்றித்தரும் 'நோ டைம் லிமிட்' என்ற விண்ணப்பம். இணையத்தில் நிரப்பலாம், உள்துறை அமைச்சுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணமில்லாத இந்தப் படிவத்துக்கு நூற்றுக்கணக்கில் பவுண் வாங்கிய கடைகளை நான் அறிவேன். நிரப்ப உதவியவருக்குக் கூலி கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் 'ஹோம் ஆபிஸ் ஃபீஸ்' என்று எவராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இத்தனை ஆண்டுகளும் இங்கேதான் வாழ்ந்தீர்கள் என்பதற்குப் முதலாளி ஆண்டுதோறும் தரும் சம்பள-வரிச் சான்றான பழைய பி60 படிவங்கள், கவுன்சில் வரிக் கடிதங்கள், மருத்துவரின் கடிதம் போன்றவற்றைத் திரட்டி வையுங்கள். தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்திருந்தால் நிரந்தர வதிவிடம் பொதுவாக அற்றுப்போகும் என்பதால், ஊரில் நீண்ட காலம் நின்றவர்கள் படிவத்தை அனுப்புமுன் தகுதியுள்ள சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். வேலை தேடத் தொடங்கிய பிறகு இதை ஆரம்பித்தால் அது பிந்திய காரியம். ஐயாவுக்கு இ-விசா வந்து சேர்ந்தபோது அந்தச் சீருடையை வேறொருவர் உடுத்திக்கொண்டிருந்தார். பிரித்தானியக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. காலாவதியான பிரித்தானியக் கடவுச்சீட்டையும் விதி ஏற்கிறது. கடவுச்சீட்டே எடுக்காதவர்கள் குடியுரிமைச் சான்றிதழையும், அரசு அலுவலகமோ முன்னைய முதலாளியோ தந்த, நாஷனல் இன்சூரன்ஸ் எண்ணும் (சம்பளத்தில் சமூகக் காப்புறுதிப் பணம் பிடிக்கப் பயன்படும் தனிநபர் எண்) பெயரும் உள்ள கடிதத்தையும் சேர்த்துக் காட்டலாம். நிறுவனம் அடையாளம் சரிபார்க்கப் பயன்படுத்தும் கைத்தொலைபேசிச் செயலி காலாவதியான கடவுச்சீட்டை ஏற்கவில்லை என்று மேலாளர் சொன்னால், அது செயலியின் குறை என்றும், ஆவணத்தை நேரில் வாங்கிச் சோதிக்க விதி இடம் தருகிறது என்றும் பணிவாகச் சொல்லுங்கள்.

மற்றப் பெரும்பாலானோருக்கு இன்று சான்று என்பது ஷேர் கோட் மட்டுமே. வதிவிட அனுமதி அட்டையான பி.ஆர்.பி அட்டையை 2022 ஏப்ரல் 6 முதல், அதில் எத்தனை ஆண்டு மிச்சமிருந்தாலும், முதலாளி சான்றாக ஏற்கக்கூடாது. அந்த அட்டைகளும் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகி, எல்லாம் இ-விசா ஆகிவிட்டது. அரசின் இணையத்தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து எடுக்கும் ஒன்பது எழுத்து-எண் கொண்ட குறியீடுதான் ஷேர் கோட். அதற்குக் கட்டணமில்லை, 90 நாள் செல்லும். இதில் மூன்று பிழைகளை வாராவாரம் பார்க்கிறேன். முதலாவது, வேலைக்கு என்று தெரிவு செய்யாமல் வீட்டு வாடகைக்கோ வேறு தேவைக்கோ உரிய குறியீட்டை எடுத்துக்கொடுப்பது. வேலைக்கான குறியீடு 'டபிள்யூ' என்ற எழுத்தில் தொடங்கும், 'ஆர்' அல்லது 'எஸ்' என்று தொடங்கினால் திரும்பப் போய் எடுங்கள். இரண்டாவது, தன் கணக்கில் தெரியும் பக்கத்தைப் படம் பிடித்து மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அதற்கு மதிப்பில்லை. முதலாளி தனக்கென உள்ள பக்கத்தில் உங்கள் குறியீட்டையும் பிறந்த திகதியையும் தானே இட்டு, வரும் புகைப்படத்தை நேரிலோ காணொலி அழைப்பிலோ உங்கள் முகத்துடன் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, நேர்முகத் தேர்வின்போது கொடுத்த குறியீடு, வேலை தொடங்கும் நாளில் 90 நாளைக் கடந்திருப்பது. ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிடம் என்றது, கணக்கு உங்கள் கையில் இருந்தால். எங்கள் ஆட்கள் பலரின் கணக்கைத் திறந்தவர் ஒரு முகவராகவோ, சட்டத்தரணியின் உதவியாளராகவோ, பிறகு கோபித்துக்கொண்டு போன மருமகனாகவோ இருக்கிறார். கணக்குக்குள் நுழையும்போது வரும் ஆறு இலக்கப் பாதுகாப்பு எண் அவருடைய மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ போகிறது. அவர் எடுக்காவிட்டால் உங்கள் விசாவை நீங்களே பார்க்க முடியாது. இன்றைக்கே கணக்கைத் திறந்து, மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் புதிய எண்ணைப் பதியுங்கள். காலாவதியான பி.ஆர்.பி அட்டையை எறிந்துவிடாதீர்கள், அதன் எண் இன்னும் தேவைப்படலாம்.

பெயர் எங்களுக்கென்றே வாய்த்த தலைவலி. தமிழ்நாட்டிலிருந்து வருவோரில் பலரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பதால், விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராக ஏறிவிடுகிறது. இலங்கையரின் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். வேலை விண்ணப்பத்தில் சுருக்கிய பெயரை எழுதிவிட்டு, திரையில் வேறு வரிசையில் வந்தால், மேலாளர் இரண்டு ஆட்கள் என்று நினைக்கிறார். இ-விசாவில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, விண்ணப்பத்தில் எழுதுங்கள். திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் பதிவுச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். இ-விசாவிலேயே பெயரோ நிபந்தனையோ பிழையாக இருந்தால், அதை அறிவிக்கும் இணையப் படிவத்தில் முறையிட்டு, அனுப்பிய திகதி தெரியும் பக்கத்தைப் பாதுகாத்து வையுங்கள்.

இனி, அதிகம் பேரின் வயிற்றில் அடிக்கும் விடயத்துக்கு வருகிறேன். விசா முடியுமுன் நீடிப்புக்கு விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய விசாவும் அதன் வேலை உரிமையும் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவின்படி தொடரும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், விசாத் திகதி முடிந்த மறுநாளே சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். பராமரிப்பு இல்லமொன்றில் இரவு வேலை செய்த அக்கா ஒருவர், விண்ணப்பம் கிடைத்ததாக வந்த மின்னஞ்சலை அச்சடித்து, நெகிழி உறைக்குள் இட்டு, மூன்று தடவை மேலாளரிடம் கொண்டுபோயிருக்கிறார். மூன்று தடவையும் கிடைத்த பதில், திரையில் 'எக்ஸ்பயர்ட்' என்று காட்டுகிறது என்பதுதான். இந்த உரிமையுள்ளோருக்கு எண்முறைச் சான்று தராமல் விட்டது சட்டவிரோதம் என்று 2024இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தும், அலைச்சல் ஓய்ந்தபாடில்லை.

இந்த நிலையில் முதலில் ஷேர் கோட் எடுத்துப் பாருங்கள். சிலருக்கு அதிலேயே சரியாகக் காட்டும். பழைய திகதியோ பிழையோ வந்தால், மேலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உள்துறை அமைச்சின் 'எம்ப்ளாயர் செக்கிங் சேர்விஸ்' என்ற பிரிவுக்கு உங்கள் விண்ணப்ப எண்ணுடன் ஓர் இணையக் கோரிக்கை அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். வழக்கமாக ஐந்து வேலை நாளில் பதில் வரும். உரிமை உறுதியானால் 'பொசிட்டிவ் வெரிஃபிகேஷன் நோட்டிஸ்' என்ற கடிதம் முதலாளிக்கு வரும், அது அவரை ஆறு மாதத்துக்கு அபராதத்திலிருந்து காக்கும். ஏற்கெனவே வேலையிலுள்ளவர் உரிய காலத்தில் விண்ணப்பித்திருக்கிறார் என்று நியாயமாக நம்பும் முதலாளிக்கு, இந்தக் கடிதத்தைப் பெற விசா முடிந்த நாளிலிருந்து 28 நாள் வரை பாதுகாப்பு உண்டு. எனவே மறுநாளே வேலையை நிறுத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இந்தக் கோரிக்கையை முதலாளி மட்டுமே அனுப்ப முடியும், உரிமைக்குச் சொந்தக்காரர் அனுப்ப முடியாது என்று ஏற்பாடு செய்தவர்களை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால் மறுபடி கோர வேண்டும் என்பதால், ஐந்தாம் மாதத்திலேயே மேலாளருக்கு நினைவூட்டுங்கள்.

3சி பிரிவில் இரண்டு குழிகள் உண்டு. விசா முடிந்து ஒரு நாள் பிந்தி விண்ணப்பித்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் பயணம் போனால் இந்த உரிமை அறுந்துவிடும், விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். தாயின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் நின்றவரை எனக்குத் தெரியும். பயணச் சீட்டு வாங்குமுன் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

ஒரு நிறுவனம் பொறுப்பேற்று அழைத்த ஸ்பொன்சர் விசாவில் வந்தவர்களின் ஷேர் கோட் வேலை செய்யலாம் என்றுதான் காட்டும், ஆனால் அது அந்த ஸ்பொன்சரிடம் அந்த வேலைக்கு மட்டும். வேறொரு நிறுவனத்துக்கு முழுநேரமாக மாற, அவர்களின் ஸ்பொன்சர் சான்றுடன் புதிதாக விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பிறகே தொடங்கலாம். விண்ணப்பம் போட்டாயிற்று, நாளைக்கே வா என்று சொல்லும் முதலாளிக்கு அபராதம்தான் போகும், உங்களுக்கோ விசாவே போகும்.

மாணவர்களுக்கு, பட்டப்படிப்பானால் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம், அதற்குக் கீழ்ப்பட்ட படிப்பானால் 10 மணிநேரம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி போட முடியாது, இரண்டு கடைகளில் செய்தாலும் கூட்டித்தான் கணக்கு. ஒரு வருட முதுகலை படிப்பவர்களுக்கு, இளங்கலை மாணவர் விடுமுறையில் இருக்கும் கோடைகாலம் பெரும்பாலும் ஆய்வேடு எழுதும் தவணைக் காலமாகவே கொள்ளப்படும். அந்த மாதங்களில் முழுநேரம் செய்து அகப்பட்டவர்கள் அநேகர். பல்கலைக்கழகத்திடமிருந்து தவணைத் திகதிக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு முதலாளியிடம் போங்கள், அவரும் அதைக் கேட்டாக வேண்டும். உணவு விநியோகச் செயலிகளில் ஓடுவது சுயதொழிலாகக் கருதப்படுவதால், மாணவர் விசாவில் ஒரு மணிநேரமும் கூடாது. நண்பனின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது இரண்டு பேரையும் சேர்த்து மாட்டிவிடும்.

தஞ்சம் கோரியவர்கள், தங்கள் தவறால் அல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முதல் முடிவு வராதிருந்தால் வேலை அனுமதி கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. கிடைத்தாலும் அரசு வகுத்த பட்டியலிலுள்ள வேலைகள் மட்டுமே. அடையாள அட்டையில் வேலை அனுமதி அச்சாகியிருந்தாலும் முதலாளி மேலே சொன்ன செக்கிங் சேர்விஸில் கேட்டே உறுதி செய்ய வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு குடிபெயர்ந்து வந்த எங்கள் உறவுகளும் அதை மட்டும் நீட்டிப் பயனில்லை. 2021 ஜூலை 1 முதல் அவர்களும் ஷேர் கோட் காட்ட வேண்டும்.

நாஷனல் இன்சூரன்ஸ் எண் இல்லாமல் வேலை தர முடியாது என்று சொல்லி அனுப்புவது இன்னொரு வழக்கம். உரிமையை நிரூபித்தவர் அந்த எண் வருமுன்பே வேலை தொடங்கலாம். தனியே அந்த எண் வேலை உரிமைக்குச் சான்றும் ஆகாது. விசாவில் ஆறு மாதம்தான் மிச்சமிருக்கிறது என்பதற்காகவோ, வெள்ளைக்கார விண்ணப்பதாரர்களிடம் கேட்காத ஆவணத்தை உங்களிடம் மட்டும் கேட்டோ வேலையை மறுத்தால், அது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் பாகுபாடாகலாம். மறுத்த காரணத்தை மின்னஞ்சலில் தரும்படி அன்றே கேளுங்கள், தொலைபேசியில் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். தொழில் நியாய சபைக்குப் போக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகவே அவகாசம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்குள் முதலில் தொழில் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (ACAS) அமைப்பிடம் சமரச முயற்சிக்குப் பதிய வேண்டும். மேலாளர் பதில் தரட்டும், மேலிடம் விசாரிக்கட்டும் என்று காத்திருந்தாலும் நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.