முன்பக்கம் ஓ.ஆர்.எஸ்., பின்பக்கம் சர்க்கரை

2024 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். ஒன்றரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மாவும் பாட்டியும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றால் போகிறதாம். கண் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. பையன் அழுதான், கண்ணீர் வரவில்லை.

"குடிக்க என்னம்மா கொடுத்தீங்க?"

"ஓ.ஆர்.எஸ்.தான் டாக்டர். நேத்துலேருந்து நாலு கொடுத்துட்டேன். இன்னும் அதிகமாத்தான் போகுது."

பாட்டி கூடையிலிருந்து காலிப் பாக்கெட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆரஞ்சுப் பழப் படம் போட்ட 200 மில்லி டெட்ரா பேக். பெயரிலேயே, வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசலைக் குறிக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தும் இருந்தன. பின்பக்கம் திருப்பினேன். ஊட்டச்சத்துக் கட்டத்தில், ஒரு பாக்கெட்டில் 22 கிராம் சர்க்கரை. அதற்குக் கீழே, மடிப்பு ஓரத்தில், எறும்பு வரிசை மாதிரி ஓர் ஆங்கில வரி: இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கலவை அல்ல. அந்த அம்மா பன்னிரண்டாவது வரை படித்தவர். விரல் வைத்து இரண்டு முறை வாசித்தார். "இத ஏன் டாக்டர் முன்னாடி போடல?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதில் குளுக்கோஸ் ருசிக்காகச் சேர்ப்பதல்ல. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அந்த இரண்டும் போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் பெரும்பாலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். உயிர் காப்பது இந்த வழியில்தான். சர்க்கரை அளவு மீறினால் கதை தலைகீழ். உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். போக்கு கூடும்.

பழைய கலவையில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருந்தது. அதைக் குறைத்தால் மலத்தின் அளவும் வாந்தியும் குறைகின்றன என்று ஆய்வுகளில் தெரிந்ததால், 2002-இல் 13.5 கிராமாகக் குறைத்தார்கள். ஆறரை கிராமுக்காக உலகம் முழுவதும் கலவையை மாற்றினார்கள்! அந்தப் பாட்டி கொண்டுவந்த பாக்கெட்டின் கணக்கில் லிட்டருக்கு 110 கிராம். நாலு பாக்கெட்டில் குழந்தைக்குப் போனது 88 கிராம் சர்க்கரை. அதே 800 மில்லி உண்மையான ஓ.ஆர்.எஸ்.ஸாக இருந்திருந்தால் 11 கிராம்கூடத் தேறாது.

1971 வங்கதேசப் போரின்போது, எல்லையோர பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த மூன்று எழுத்துக்கு மக்களிடம் இருக்கும் நம்பிக்கை அப்படிச் சம்பாதித்தது. அதை எடுத்து ஜூஸ் பாக்கெட்டில் ஒட்டுவதை என்னால் சாதாரண விளம்பர உத்தியாகப் பார்க்க முடியவில்லை.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல ஆண்டுகள் தனியாகவே போராடினார். 2022-இல் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2022 ஜூலை 14 அன்று போட்ட உத்தரவில், பெயரின் முன்னாலோ பின்னாலோ வேறு சொல் சேர்த்து ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளலாம், மறுப்பு வாசகம் அச்சிட்டால் போதும் என்று அனுமதித்திருந்தது. நான் பார்த்த எறும்பு வரி வந்தது அப்படித்தான். 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பழச்சாறு பானமோ குடிக்கத் தயாராக விற்கும் வேறு பானமோ, ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பெயரின் எந்தப் பகுதியிலும் போடக் கூடாது. போட்டால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

உத்தரவு வந்துவிட்டது என்பதற்காக நான் நிம்மதியாகிவிடவில்லை. பெயர் மாறலாம், பழைய நிறமும் பழப் படமும் அப்படியே இருந்தால், பழகிய கை அதைத்தான் எடுக்கும். மருந்துக் கடையில் வாங்கியதால் மருந்து என்று நம்பும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. அதனால் என்னிடம் வரும் பெற்றோருக்கு ஓர் அடையாளம் சொல்லிக்கொடுக்கிறேன். பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவு. உரிமம் பெற்று விற்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம், நோய்க்குக் கொடுக்கலாம் என்பதற்கு அல்ல. உண்மையான ஓ.ஆர்.எஸ். மருந்துக் கணக்கில் வருவது. அதில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும், இந்திய மருந்து நூலைக் குறிக்கும் ஐ.பி. என்ற எழுத்துகள் இருக்கும், மேலே சொன்ன மூன்று உப்புகளின் பெயரும் குளுக்கோஸ் பெயரும் கிராம் கணக்கோடு இருக்கும். டெட்ரா பேக்கிலேயே சரியான கலவையும் கிடைக்கிறது. அதனால் உறையின் வடிவத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். கடையில் "உலக சுகாதார நிறுவன ஃபார்முலா பவுடர் கொடுங்க" என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள், கூடவே துத்தநாக மாத்திரையும்.

சரியான பொட்டலம் வாங்கியவர்களும் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதில் பாதியை ஒரு டம்ளரில் கலக்குகிறார்கள், மீதியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார்கள். இப்படிக் கலந்தால் உப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து மூடி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சமிருப்பதைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்பது இந்த ஒரு பானத்தோடு நிற்கவில்லை. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே சட்டத்தில் கிடையாது என்று 2024-இல் ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில், அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் ஜூஸில் '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாது என்றது. சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

தடைக்குப் பிறகும் அந்த எழுத்துகளோடு பாக்கெட் கண்ணில் பட்டால் பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, உரிம எண் தெரியும்படி படம் எடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ புகார் கொடுங்கள்.

அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பத்துக் கிலோ எடை. 750 மில்லி ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்தேன். கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து பாட்டி நாலு மணி நேரம் ஸ்பூனால் ஊட்டினார். சாயங்காலம் அவர் புடவை நனைந்ததும், "மூத்திரம் போயிட்டான் டாக்டரம்மா!" என்று உரக்கக் கூப்பிட்டார். எல்லாக் குழந்தைகளும் பெஞ்சிலேயே தேறிவிடுவதில்லை. குழந்தை துவண்டு கிடந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுத்தாலும் எந்தப் பாக்கெட்டையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வழியில் கொடுக்க ஸ்பூனும் கலந்த நீரும் கையில் இருக்கட்டும்.